அய்யாக்கண்ணு நட்டுவனார் வழியில் வந்தவளுக்கு

அம்மிணி,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். உனக்கு நினைவிருக்காது. உன் பெரியம்மாவைக் கேட்டுப் பார், அவளுக்கும் நினைவிருக்காது. ஆனாலும் சொன்னேன். நீ பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நம் பனியன் யூனிட்டில் செக்கிங் டேபிளைச் சுற்றிக் குதித்துக்கொண்டிருந்த வயதிலேயே, இந்தப் பிள்ளை ஒரு நாள் கோயமுத்தூரில் டான்ஸ் ஸ்கூல் வைக்கும், பிள்ளைகள் வந்து குவியும், ஒருத்தியால் சமாளிக்க முடியாமல் போகும், சம்பளத்துக்கு டீச்சர் தேடும், அப்போது யாரைச் சேர்ப்பது என்று தெரியாமல் தடுமாறும் என்று அட்சரம் பிசகாமல் சொல்லிவைத்தேன். எட்டாவது தாண்டாதவன் என்று என்னைச் சொல்வார்கள். எட்டாவது வரை படித்தவனுக்கு ஒன்பதாவதில் என்ன வரும் என்று யூகிக்கத் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்கு வந்திருந்தேன் அல்லவா, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் பேசியிருக்கலாம். போனில் நான் பேச ஆரம்பித்தால் நீ சிரித்துக்கொண்டே "சரிங்க பெரியப்பா, சரிங்க பெரியப்பா" என்பாய், எனக்கும் உற்சாகம் வந்து எங்கேயோ போய்விடுவேன். தாளில் எழுதினால் எழுதினது அங்கேயே நிற்கும். இங்கே கரண்ட் போயிருக்கிறது, மெஷின் எல்லாம் நின்று யூனிட்டே கோயில் மாதிரி இருக்கிறது. டெய்லர்கள் வெளியே வேப்ப மரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். உன் அப்பனும் அம்மாவும் போன பிறகு உன்னைத் தூக்கிக்கொண்டு வந்து நான் உட்காரவைத்த அதே டேபிளில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

அன்றைக்கு உன் ஹாலில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்ததாக நீ நினைத்திருப்பாய். படிக்கவில்லை. சோமனூரிலிருந்து வேலை கேட்டு வந்த அந்தச் செல்வி என்கிற பெண்ணை நீ கேள்வி கேட்டதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் கேட்டாய், மரியாதையாகத்தான் கேட்டாய், "உங்க குரு யாருங்க?" என்று. அவள் சேலை முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "சோமனூர்ல கல்யாண மண்டபத்து மாடியில ஒரு அக்கா சொல்லிக் குடுத்தாங்க. மல்லிகாக்கா" என்றாள். "மல்லிகாக்கா யாருகிட்டக் கத்துக்கிட்டாங்க?" என்று நீ விடாமல் கேட்டாய். அவள் யோசித்துவிட்டு, "அதை நான் கேக்கலீங்க. அவங்க சொல்லிக் குடுத்ததைக் கத்துக்கறதுக்கே எனக்கு நேரம் பத்தலீங்க" என்றாள். பேப்பருக்குப் பின்னால் நான் சிரித்துவிட்டேன், அதை இருமலாக மாற்றியது உனக்குத் தெரியாது.

அப்புறம் நீ நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாய்: "நாங்க அய்யாக்கண்ணு நட்டுவனார் பாணிங்க. எங்க கோமதி டீச்சர் அவர்கிட்ட நேரடியாக் கத்துக்கிட்டவங்க. இங்க சொல்லிக் குடுக்க வர்றவங்களுக்கு ஒரு வழி இருக்கோணும்." நீ அதைச் சொன்ன விதத்தில் ஒரு கர்வம் இருந்தது. என் பிள்ளை என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருக்க வேண்டும். அன்றைக்கு நிமிரவில்லை. ஆடிக் காட்டச் சொன்னாய். அவள் ஆடினாள். அம்மாடி, காலைத் தட்டினாளே, உன் வீட்டு ஷோ கேஸில் டம்ளர் எல்லாம் ஆடியது. கீழ் வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார் என்று நீ பயந்து, "மெதுவாங்க" என்றாய். "எங்கூர்ல சுத்தியும் தறி ஓடுமுங்க. தறிச் சத்தத்துக்கு மேல காலு கேக்கோணுமில்லீங்க" என்றாள். கடைசியில் நீ, "சொல்லி அனுப்பறோமுங்க" என்றாய். நம் யூனிட்டிலும் அப்படித்தான் சொல்வோம். அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்பவர்களுக்கும் தெரியும், சொல்பவர்களுக்கும் தெரியும். அவள் காலில் செருப்பை மாட்டும்போதே நீ என்னிடம் மெல்லச் சொன்னாய்: "காலு பரவால்லீங்க பெரியப்பா. கழுத்து பூராவும் சினிமா. எங்கே கத்துக்கிட்டாளோ." சர்டிபிகேட் வைத்திருக்கிற இன்னொரு பெண்ணைத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருப்பதாகவும் சொன்னாய்.

எனக்குத் திருப்பூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி அவசரமாகக் கிளம்பினேனே, நேரமெல்லாம் ஆகவில்லை. அந்தப் பெண்ணைப் பின்தொடர்ந்துதான் வந்தேன். பஸ் ஸ்டாப்பில் நிழற்குடைக்கு அடியில் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை, வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். எனக்கும் கொஞ்சம் கொடுத்தாள். பேச்சுக் கொடுத்தேன். வீட்டில் ஆடி மாதத்தோடு இந்த ஆட்டத்தையெல்லாம் நிறுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார்களாம். "ஸ்கூல்ல டீச்சர் வேலைன்னா ஊட்டுல பேச மாட்டாங்க. இல்லீன்னா தறியில நிக்கோணுமுங்க. தறியில நின்னாப் பொறகு காலு என்னத்துக்கு ஆகும்?" என்றாள். உன் பெரியப்பன் சும்மா இருப்பவனா? நானே யோசனை சொன்னேன். "அம்மிணி, அடுத்த எடத்துல கேட்டாங்கன்னா ஒரு பெரிய பேராப் பாத்துச் சொல்லிப்போடு. யாரு போயிப் பாக்கப் போறாங்க?" என்றேன். அவள் கடலைத் தோலை ஊதிவிட்டு என்னைப் பார்த்தாள். "சொல்லலாமுங்க. அப்பறம் நான் நல்லா ஆடுனா அந்தப் பேரு ஆடுச்சும்பாங்க. தப்பா ஆடுனா மட்டும் செல்வி ஆடுனாம்பாங்க. நமக்கெதுக்குங்க அது?" என்றாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

அந்தப் பேச்சை நான் முன்பே ஒரு தடவை வேறொரு வாயிலிருந்து கேட்டிருக்கிறேன் அம்மிணி. திருப்பூர் வந்து சேரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அதனால் உன் டீச்சர் நமக்குக் கிடைத்த கதையை ஒரு தடவை நேராக எழுதப் பார்க்கிறேன். நேராக எழுதுவது எனக்குப் பழக்கமில்லை, பொறுத்துக்கொள்.

கோமதி டீச்சரை முதன்முதலில் நான் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய் மாலை போட்டு அழைத்து வந்ததாக உனக்குச் சொல்லியிருக்கிறேன். மாலை இல்லை. ஸ்டேஷனும் இல்லை. அவருடைய தம்பி சாயப்பட்டறையில் வேலைக்கு இருந்தார், தம்பி வீட்டுக்கு வந்து தங்கியிருந்த டீச்சர், நம் யூனிட்டில் செக்கிங் வேலை இருக்கிறதா என்று கேட்டு வந்தார். அப்போது நமக்கு லோக்கல் பனியன் மட்டும்தான், எக்ஸ்போர்ட் எல்லாம் அப்புறம். நீ வழக்கம் போல டேபிளைச் சுற்றிக் குதித்துக்கொண்டிருந்தாய். கேட்க வந்ததை விட்டுவிட்டு அவர் உன்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "அண்ணாச்சி, பிள்ளைக்குக் கால் இருக்கு" என்றார். "எல்லாத்துக்குந்தான் இருக்குதுங்க" என்றேன். "எல்லாருக்கும் இருக்கது நடக்கதுக்கு. இவளுக்கு இருக்கது தாளத்துக்கு" என்றார். வெற்றிலை போட்ட வாய், நெற்றியில் பெரிய குங்குமம், ராணி மாதிரி நிற்கிற நிமிர்வு. செக்கிங் வேலை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மறுநாளிலிருந்து மாடியில் உனக்கு ஆடச் சொல்லிக் கொடுக்க வந்தார்.

உன் பெரியம்மாவுக்கே அதில் அரைமனது. அவள் அண்ணன், நெருப்பெரிச்சல் ஊரில் இருக்கிற மாமன், விஷயம் தெரிந்து நேரே யூனிட்டுக்கு வந்துவிட்டார். உனக்கு அவரைத் தெரியும், அவர் சரி என்றால்தான் நம் சொந்தத்தில் ஒரு காரியம் நடக்கும். டெய்லர்கள் எல்லாரும் கேட்கிறபடி, "ஏனுங் மாப்பிளை, பனியன் கம்பெனி பத்தாதுன்னு ஆட்டக் கம்பெனியும் வெக்கறீங்களாக்கும்?" என்றார். அது பரவாயில்லை, சிரித்துக்கொண்டேன். அடுத்துக் கேட்டதுதான் உறைத்தது. "யாரு அந்தம்மா? எந்த ஊரு? யாருகிட்டக் கத்துக்கிட்டது? கண்ட எடத்துல ஆடுனவகிட்ட நம்மூட்டுப் பிள்ளைய உடறதா? அப்பனாத்தா இல்லாத பிள்ளைன்னா எப்படி வேணா வளக்கலாமுங்களா?" அப்பன் ஆத்தா இல்லாத பிள்ளை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. நிமிர்ந்து பார்த்து, "ஏனுங் மச்சான், அய்யாக்கண்ணு நட்டுவனாரைத் தெரியுமுங்களா? தஞ்சாவூர்? அவருகிட்டப் பன்னெண்டு வருசம் கூடவே இருந்து கத்துக்கிட்டவங்க இவங்க" என்றேன். நம் சொந்தத்தில் எவனும் ஒரு பெரிய பேரைத் தெரியாது என்று சொன்னதாகச் சரித்திரம் கிடையாது. "கேள்விப்பட்டிருக்கறனுங்க" என்றார் மாமன். அதோடு முடிந்தது. அடுத்த மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, அய்யாக்கண்ணு நட்டுவனாரைத் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் வைத்துத் தானே பார்த்ததாக அவர் சொல்லிக்கொண்டிருந்ததை நான் என் காதால் கேட்டேன்.

அதற்கப்புறம் அந்தப் பேர் வளர்ந்ததற்கு நான் மட்டும் பொறுப்பில்லை. நான் நட்டுவனாருக்கு ஒரு பல்லக்கு கொடுத்தேன் என்றால், மாமன் அவர் கையில் ராஜா கொடுத்த தங்கத் தோடா போட்டுவிட்டார். டீச்சரிடம் சொந்தமாகச் சலங்கை இல்லை என்று உன் பெரியம்மா கண்டுபிடித்துக் கேட்டபோது, "குரு காலடியில காணிக்கையா வெச்சுட்டு வந்துட்டாங்க" என்றேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தஞ்சாவூரில் கற்றவர் எப்படித் திருநெல்வேலிப் பேச்சுப் பேசுகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நமக்குக் கரூர் தாண்டினால் எல்லாம் தெற்குச் சீமைதான்.

டீச்சர் எப்படிச் சொல்லிக் கொடுத்தார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தட்டுக்கழி தட்டுகிற சத்தம் கீழே யூனிட்டுக்குக் கேட்கும், ஓவர்லாக் மெஷின்காரர்கள் அந்தத் தாளத்துக்கே தைப்பார்கள். அரைமண்டியில் உன்னை உட்காரவைத்துவிட்டு அவர் வெற்றிலை மடிப்பார், மடித்து முடிக்கும்வரை நீ எழுந்திருக்கக் கூடாது. வேண்டுமென்றே மெதுவாக மடிப்பார். நீ அழுதுகொண்டு கீழே ஓடி வருவாய், அப்புறம் நீயே மேலே போவாய். கோபக்காரர், ஒருநாள் தட்டுக்கழியை ஜன்னல் வழியாக வீசி அது சாய லாரி மேல் விழுந்தது. சினிமாவென்றால் உயிர், மாட்டினி ஷோ போவதற்காக வகுப்பைச் சீக்கிரம் விடுவார். கால் வலிக்கிற நாட்களில் தட்டுக்கழியோடு ஆட்டோவில் வந்து இறங்கி, படியில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவார். ஒருநாள்கூட வராமல் இருந்ததில்லை. நீ ஒரு தடவை, "உங்க குரு உங்களை அடிப்பாருங்களா டீச்சர்?" என்று கேட்டாய். "தாளத்தைப் பாரு" என்றார். அந்தப் பேரை அவர் வாயால் நீ ஒரு நாளும் கேட்டிருக்க மாட்டாய். பெரியவர்கள் குரு பேரை வாயால் சொல்ல மாட்டார்கள் என்று நான்தான் உனக்கு விளக்கம் சொன்னேன். நீ என்ன செய்தாய்? அவருக்குப் பதிலாக நானே சொல்கிறேன் என்று, ஒவ்வொரு நாளும் ஆடுவதற்கு முன்னால் கைகூப்பி அந்தப் பேரைச் சொல்ல ஆரம்பித்தாய். நீ சொல்லும்போதெல்லாம் டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டுக்கழியைத் துடைப்பார்.

உன் அரங்கேற்றத்துக்குக் கூட்டம் ரோடு வரைக்கும் நின்றது என்று நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். ரோடு வரைக்கும் நின்றது பந்திக்கு. உள்ளே ஆட்டம் பார்த்தவர்கள் நம் சொந்தமும், யூனிட்டுக்காரர்களும், எக்ஸ்போர்ட் ஆர்டர் கொடுக்க வந்திருந்த இரண்டு வெளியூர்க்காரர்களும்தான். அதற்குள் நாம் எக்ஸ்போர்ட்டுக்கு வந்துவிட்டோம் அல்லவா. மைக்கில் ஒருவர் நோட்டீஸைப் பார்த்துப் படித்தார்: தஞ்சை அய்யாக்கண்ணு நட்டுவனாரின் நேர் மாணவி கோமதி அம்மையார் அவர்களின் மாணவி. கையில் தாளத்தோடு உட்கார்ந்திருந்த டீச்சர் தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தார். நீ ஆடினாய். அம்மிணி, அன்றைக்கு நீ ஆடியதைப் பற்றி நான் எவ்வளவு பெரிதாகச் சொன்னாலும் அது மட்டும் பொய்யாகாது. நெருப்பெரிச்சல் மாமன் துண்டால் கண்ணைத் துடைத்தார். எல்லாரும் மேடைக்கு வந்து, "அய்யாக்கண்ணு நட்டுவனார் பாணின்னாப் பாணிதானுங்க" என்றார்கள். டீச்சர் எல்லாருக்கும் தலையாட்டினார். பின்னால் மேக்கப் ரூமில் நான் சாத்துக்குடி ஜூஸ் கொண்டுபோய்க் கொடுத்தபோது வாங்கவில்லை. "அண்ணாச்சி, அவ காலுக்கும் என் கைக்கும் நடுவுல இத்தன வருசமா யாருமே இல்ல. இன்னைக்கு ஒரு ஆள நிறுத்திட்டியளே. கைதட்டு பூராவும் அவருக்குப் போயிட்டுது" என்றார். நான் சிரித்து மழுப்பினேன். அவர் சிரிக்கவில்லை. அப்புறமும் வருடக்கணக்காக வந்தார், உனக்குத் தில்லானாக்கள் சொல்லிக் கொடுத்தார், உன் கல்யாணத்துக்கு முதல் வரிசையில் உட்கார்ந்தார். அந்தப் பேச்சை என்னிடம் மறுபடி எடுக்கவே இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் அவர் போனபோது நீ அழுத அழுகையைப் பார்த்துக்கொண்டு நான் ஓரமாக நின்றேன். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். உன் நோட்டீஸில் அந்தப் பேர் அச்சாகியிருந்தது, உன் ஸ்கூலில் பிள்ளைகள் கைகூப்பி அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், முழுங்கிவிட்டேன்.

நம் தொழில் உனக்குத் தெரியும். துணி நம்முடையது, தையல் நம்முடையது, கழுத்தில் இருக்கிற பேர் மட்டும் கடல் தாண்டின பேர். லேபிள் தைத்த பிறகு அது நம் சரக்கு என்று நாமே சொல்லிக்கொள்ள முடியாது. அதில் தப்பில்லை, வாங்குகிறவன் பேர் அது, அவனே கொடுத்து அனுப்புகிறான். ஆனால் ஒரு டெய்லர் வேலை கேட்டு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? எந்தக் கம்பெனியில் இருந்தாய், உனக்கு யார் சொல்லிக் கொடுத்தார் என்று கேட்டுக்கொண்டிருப்பதில்லை. ஒரு பிட்டுத் துணியைக் கையில் கொடுத்து மெஷினில் உட்காரச் சொல்கிறோம். நீயும் அதையே செய். அந்தச் செல்வியிடம் உன் ஸ்கூலில் காலே வராத ஒரு பிள்ளையைக் கொடுத்து, ஒரு மாதம் விட்டுப் பார். சர்டிபிகேட் பெண்ணையும் வை, அவள் படித்தது ஒன்றும் வீண் இல்லை. இரண்டு பேருக்கும் போதுமான பிள்ளைகள் உன்னிடம் இருக்கிறார்கள். செல்வி நன்றாகச் சொல்லிக் கொடுப்பாளா என்று எனக்குத் தெரியாது, இதை மட்டும் நான் முன்கூட்டிச் சொல்லப் போவதில்லை. நீ பார்த்துச் சொல். வழி தெரியாதவள் என்ற ஒரே காரணத்துக்காக அவளைத் தறிக்கு அனுப்பாதே, அவ்வளவுதான் நான் கேட்பது. ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்லாமல் கேட்டால் நீ கேட்க மாட்டாய். சொல்கிறேன்.

உன் டீச்சர் எங்கே கற்றார் என்பதை, நான் அவரை மாடிக்கு அழைத்துப் போன முதல் நாளே மறைக்காமல் சொன்னார். திருநெல்வேலியிலிருந்து சின்ன வயதில் மெட்ராஸுக்குப் போனவர். ஆடத் தெரிந்த ஓர் அம்மாள் வீட்டில் சமையல் வேலைக்கு இருந்தார், அந்த அம்மாள் மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததை அடுப்படியிலிருந்து பார்த்துப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாளே பார்த்துவிட்டு, வேலை முடிந்த நேரங்களில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார், ஆனால் மேடையேற்றவில்லை. உன் டீச்சருக்கு அரங்கேற்றமே நடக்கவில்லை அம்மிணி. உன்னுடையதுதான் அவர் நடத்திய முதல் அரங்கேற்றம். அப்புறம் கோடம்பாக்கத்தில் குரூப் டான்ஸ், கடைசி வரிசை. சலங்கை கம்பெனிக்குச் சொந்தம், சாயங்காலம் கழற்றிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். அதனால்தான் கையில் சலங்கை இல்லை. அங்கே கடைசி வரிசையில் நிற்பவள் கேமரா கண்ணில் பட வேண்டுமென்றால், முன்னால் நிற்பவள் தலைக்குப் பக்கத்தில் தன் தலை தெரிகிற மாதிரி கழுத்தை ஒரு வெட்டு வெட்ட வேண்டுமாம். செய்து காட்டினார். நீ தில்லானாவில் கடைசியில் கழுத்தை வெட்டுவாயே, எல்லாரும் கைதட்டுவார்களே, பிள்ளைகளுக்கு அதுதான் நம் பாணியின் முத்திரை என்று சொல்லிக் கொடுக்கிறாயே, அந்த வெட்டு. வெள்ளிக்கிழமை செல்வி கழுத்தில் நீ பார்த்ததும் அதுதான். அவளுடைய மல்லிகாக்கா எங்கே கற்றாரோ தெரியாது. உனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரியும்.

இனிமேல் பிள்ளைகள் கைகூப்பும்போது கோமதி டீச்சர் என்று சொல்லச் சொல். அதற்கு முன்னால் யாரையும் சேர்க்காதே, பின்னால் உன் பேரைச் சேர்த்துக்கொள், அது உனக்குச் சொந்தம். பழைய பேர் போட்ட நோட்டீஸ் மிச்சம் இருந்தால் நம் யூனிட்டுக்கு அனுப்பு, பனியன் மடிக்க உள்ளே வைத்துக்கொள்கிறோம். நெருப்பெரிச்சல் மாமனிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். அவர் நம்ப மாட்டார், நேரில் பார்த்தவர் அல்லவா.

கரண்ட் வந்துவிட்டது, மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது, இனி முடித்தாக வேண்டும். மாமன் அன்றைக்கு என்னைக் கேள்வி கேட்டபோது, அவருக்குப் பின்னால் ஒரு ஓவர்லாக் மெஷினைப் பிரித்துப் போட்டு, கையெல்லாம் கிரீஸோடு ஒரு மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். அவர் பேர் அய்யாக்கண்ணு. ஊர் தஞ்சாவூர்ப் பக்கம் என்பது வரை உண்மை. நட்டுவனார் என்பது நான் சேர்த்தது.